பக்கம் மாறிப் போன கதை

அன்பு மகன் கென்சுகேவுக்கு,

அஜிகசாவாவிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அப்பா பாதி நலம், நான் நலம், கடை நலம், பூனைகூட நலம். நீ நலமா என்று கேட்கிறேனே, அது ஒப்புக்குக் கேட்பதில்லை, இந்தத் தடவை எனக்குப் பதில் வேண்டும். உன் சுமோக் கூடத்தில் வருகிற தபாலையெல்லாம் ஆசான் வீட்டம்மாதான் முதலில் பிரித்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். பார்க்கட்டும். ஆசானைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகவே படித்துக் காட்டட்டும், எனக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த வருஷம் உன் மாமா தோட்டத்தில் புயலடித்துப் பாதி ஆப்பிள் பழுக்கும் முன்பே உதிர்ந்துவிட்டது, மீதியைப் பறிக்க ஆள் கிடைக்காமல் மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணி ஏறுகிறாள். கணவாய் வரத்தும் இல்லை, துறைமுகத்தில் ஆம்பிளைகள் பொழுது விடிந்ததும் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். எதிர்வீட்டு மினெகோவுக்கு இரட்டைக் குழந்தை, இரண்டும் பெண், இரண்டும் ராத்திரியெல்லாம் முறை வைத்து அழுகிறதுகளாம். ஆசானுக்கு வருஷா வருஷம் அனுப்புகிற ஆப்பிள் பெட்டி இந்தத் தடவை வராது. புயலால் அல்ல. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றி இதுவரை உன்னிடம் பூசி மெழுகித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், பயிற்சியில் இருக்கிற பிள்ளை மனசு கெடக் கூடாது என்று. இனி அது வேண்டாம். அப்பா கடையில் கொதிக்கிற சட்டியில் ஒரே சூப்புக்கு இரண்டு தடவை மிசோ விழுதைக் கரைத்து ஊற்றுகிறார், வாடிக்கையாளர் முகம் சுளித்தால் கரண்டியைத் தூக்கி எறிகிறார். வானிலைச் செய்தி பார்த்துக்கொண்டே அழுகிறார். கரண்டியை நான்தான் ஒளித்து வைக்கிறேனாம், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். துறைமுகத்துக்குப் போகிற பாதையில் நடுவிலே நின்று விடுகிறார், எங்கே கிளம்பினோம் என்று தெரியாமல், தபால்காரப் பெண் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள். கோபம் தணிந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “சதாயோ, எனக்கு என்ன ஆச்சு, நீயாவது சொல்லேன்” என்று கேட்கிறார். நம்மூர் டாக்டர், “சுமோக்காரங்க குடிச்ச குடிக்கு இது கூட வரலைன்னா எப்படி” என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். குடியை விட்டு எத்தனையோ வருஷமான மனுஷனுக்கு. அந்த மாத்திரையைப் போட்டுக் குளியல் தொட்டிக்குள் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அதன் பிறகுதான் வசந்தத்தில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே ஹஷிபா என்று ஒரு பெண் டாக்டர், உன் மாமன் மகளைவிட ஒன்றிரண்டு வயசு மூத்தவளாக இருப்பாள், வாய் கொஞ்சம் வெடுக்கென்று இருந்தாலும் நல்ல பெண். தலைக்குள் எடுத்த படத்தைக் காட்டி, “அம்மா, ஐம்பத்தஞ்சு வயசு மண்டைக்குள்ள எண்பது வயசு மூளை இருக்கு” என்றாள். தலையில் அடி பட்டதுண்டா என்று கேட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சுமோவுல தலையில அடிபடாம வேற எங்க டாக்டர் அடிபடும்? காலையில எழுந்தா முதல் வேலையே அதானே” என்றார், பிறகு நெஞ்சை நிமிர்த்தி, “ஆனா ஒரு நாளும் மயங்கி விழுந்ததில்ல, சத்தியமா” என்றார். மயங்கி விழ வேண்டியதே இல்லையாம். சின்னச் சின்ன இடியாக வருஷக்கணக்கில் வாங்கினால் போதுமாம், உள்ளே மெல்ல மெல்ல அழிய ஆரம்பித்து, விளையாட்டை விட்டு எவ்வளவோ காலம் கழித்து வெளியே தெரியுமாம். இந்த நோய் இன்னதுதான் என்று உயிரோடு இருக்கும்போது அடித்துச் சொல்ல முடியாது, செத்த பிறகு மூளையை எடுத்து அறுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றாள். நான் அரண்டு போய் உட்கார்ந்திருக்கிறேன், உன் அப்பா, “தாராளமா எடுத்துக்குங்க டாக்டர், ஆனா உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு எங்க கூடத்து அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு” என்று அவளையும் சிரிக்க வைத்துவிட்டார்.

உயிரோடு இருக்கிறவருக்கு என்ன வழி என்றால், படத்தையும் நடத்தையையும் பார்த்து, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காலத்தில் தலையில் அடி வாங்கிய உடனே அவர் எப்படி இருந்தார், என்ன செய்தார் என்று கூட இருந்து பார்த்தவர்கள் சொல்வதை வைத்து ஓரளவுக்குக் கணிக்கலாமாம். அப்படிச் சொல்ல ஆளில்லாவிட்டால் முதுமை மறதி என்று முடித்துவிடுவார்களாம். அதோடு, வீட்டில் வேறு யாராவது சுமோவில் இருக்கிறார்களா என்றும் கேட்டாள். ஒரே மகன், தோக்கியோவில், இவர் இருந்த அதே கூடத்தில் என்று சொன்னேன். “அப்படின்னா இந்த நோய்க்குச் சரியான பேர் வைக்கிறது உங்க வீட்டுக்காரரவிட உங்க பையனுக்குத்தான் அவசரம்” என்றாள். அந்த வார்த்தை என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டது அவர் குடுமியை வெட்டி ஓய்வு வாங்கி மேடையை விட்டு இறங்கிய பிறகு. அவர் தெட்சுஜி என்ற சொந்தப் பெயரை விட்டு ஷியொமினே என்ற மேடைப் பெயரில் மல்லுக்கு நின்ற ஒரு ஆட்டத்தைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவர் இருக்கிறாரே. அப்பாவோடு ஒரே கூடத்தில் வளர்ந்து, தினம் காலையில் அவர் தலையோடு தலை மோதி, அவர் அண்ணே அண்ணே என்று உருகுகிற இனொகுமா, இன்றைக்கு உன் ஆசானாக இருக்கிறவர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர் சுற்றி ஆட்டம் காட்ட வடக்கே வரும்போது கூடத்தையே அழைத்துக்கொண்டு நம் கடையில் சாப்பிட்டுவிட்டு, ஆசான் எழுந்து நின்று சொல்கிற கதை உனக்குத் தெரியாததா? எதிராளியோடு தலை மோதிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டதாம், அப்பா ஜெயித்தாராம், குனிந்து வணங்கினாராம், அப்புறம் தன் பக்கமான கிழக்கு வழியில் திரும்ப வேண்டியவர் எதிராளியின் மேற்கு வழியில் கம்பீரமாக நடந்து போய், தோற்றவனுடைய அறைக்குள் நுழைந்து, தோற்றவனுடைய மெத்தையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, “என் முறை எப்போ வரும்?” என்று கேட்டாராம். ஆசான் அந்த நடையை நடந்து காட்டி, மெத்தையில் உட்கார்ந்து காட்டி, அப்பா குரலிலேயே கேட்டுக் காட்டுவார். கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். இன்னும் இருக்கிறதே, செத்துப்போன பழைய ஆசானிடம் விடை பெற்று வருகிறேன் என்று கிளம்பினது, ஒரே மத்தியானம் இரண்டு தடவை சாப்பிட்டது. டாக்டர் கேட்டது இதைத்தான் என்று எனக்கு வீட்டுக்கு வருகிற ரயிலிலேயே புரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வேடிக்கை, எனக்குச் சாட்சி. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா, பைத்தியக்காரி மாதிரி.

அன்றைக்கே கூடத்துக்குப் போன் போட்டு ஆசானிடம் விஷயத்தைச் சொல்லி, டாக்டரிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள், போனில் சொன்னாலும் போதும் என்று கேட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று முதலில் விசாரித்தார். பிறகு, “ஏம்மா சதாயோ, அது தண்ணி போட்ட நேரத்துல சும்மா சிரிக்கிறதுக்குச் சொல்றது, கை கால் வச்சுச் சொல்றது. அதப் போய் ஆஸ்பத்திரியில சொல்வாங்களா? நாளைக்குப் பேப்பர்க்காரன் வருவான். கூடத்துல இருபது பசங்க இருக்காங்க, அவங்க அப்பா அம்மா என்ன நினைப்பாங்க” என்றார். நானும் ஒரு அம்மாதானே, என்னை மட்டும் நினைக்கவில்லை. சரி, இன்னொருத்தர் இருக்கிறாரே என்று நம்மூர் ஒகினோவிடம் போனேன், உனக்குச் சின்னப் பிள்ளையில் சுமோ கற்றுக் கொடுத்தவர், அப்பாவோடு அதே கூடத்தில் இருந்தவர். அவர் வாசலிலேயே நிறுத்தி, “அக்கா, நான் சாவிய எங்க வச்சேன்னே ரெண்டு நாளாத் தேடிக்கிட்டிருக்கேன். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், தயவு செஞ்சு அந்த டாக்டர் பேர என் கிட்ட சொல்லாதீங்க” என்று கும்பிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பயந்த மனுஷன், பயம் என்றாவது ஒப்புக்கொண்டார். ஆசானைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நீ பள்ளிக்கூடம் முடித்த வருஷம் உன்னைக் கேட்டு வந்தபோது நம் வீட்டுப் பாய் விரிப்பில் நெற்றி படக் குனிந்து, “உங்க புள்ளைய என் புள்ளையாப் பாத்துக்கிறேன்” என்றாரே. தலைக்கு ஒன்றும் வந்துவிடாதே என்று நான் கேட்டதற்கு, “என்னப் பாருங்க, தெட்சுஜியப் பாருங்க, எங்களுக்கு என்ன வந்துச்சு” என்றாரே. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள், அதை நான் இப்போதுதான் என் கழுத்தில் பார்க்கிறேன்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. போனில் சொல்ல மாட்டார், டாக்டரிடம் போய்ச் சொல்ல மாட்டார், ஆனால் நம் கடையில் சொல்லாமல் இருக்க மாட்டாரே. ஆகஸ்டில் நீங்கள் எல்லாரும் சாப்பிட வந்த அன்று ஓரத்து மேஜையில் கண்ணாடி போட்டுக்கொண்டு தனியாகக் கணவாய் தின்றுகொண்டிருந்தாளே ஒருத்தி, நீகூட பார்லி டீ கொண்டுபோய் வைத்தாயே, அவள்தான் டாக்டர் ஹஷிபா. லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்திருந்தாள் பாவம். நான் அடுப்படியில் நின்று காத்திருந்தேன். கோழிக் குழம்புச் சட்டி காலியாயிற்று, பீர் காலியாயிற்று, ஆசான் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. கடைசியில் உங்கள் கூடத்து முதல் ஆள் அந்தக் குண்டன்தான், “ஆசானே, ஷியொமினே அண்ணன் பக்கம் மாறிப் போன கதை இன்னும் வரலையே” என்று கையைத் தட்டினான். ஆசான் அவனை ஒரு பார்வை பார்த்து, “எந்தக் கதை? அப்படி ஒண்ணும் இல்ல, சாப்பிடு” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க.

அப்போதுதான் அப்பா எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அண்ணே, நீங்க மறந்துட்டீங்க, எனக்கே ஞாபகம் இருக்கு பாருங்க” என்று சொல்லித் தானே கதையை ஆரம்பித்தார். மேற்கு வழியில் நடந்து காட்டினார், மெத்தையில் உட்கார்ந்து காட்டினார், ஒரு வார்த்தை தவறவில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனுஷன். டாக்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஆசான் எழுந்து வந்து அப்பா தோளில் கை போட்டு, எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா, “தெட்சுஜி, அது நீ இல்லடா. அது வேற யாருக்கோ நடந்தது. உனக்கு இப்ப உடம்பு சரியில்லல்ல, அதான் குழப்பிக்கிற.” அப்பா மெத்தையிலிருந்து எழுந்தார். “அப்படியாண்ணே? நான்தான் குழம்பிட்டேனா? மன்னிச்சுடுங்க” என்று எல்லார் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்தார். கென்சுகே, ஆசான் அப்பாவுடைய நோயை எடுத்து அவர் வாயையே அடைத்துவிட்டார். தன்னை அண்ணன் என்று நம்பினவரிடமிருந்து அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே நினைவையும் பிடுங்கிக்கொண்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், அத்தனை வருஷம் என் சட்டியில் தின்றவர், இனி அவருக்கு என் ஆப்பிள் பெட்டி கிடையாது. டாக்டர் கிளம்பும்போது, “நான் கண்ணால பாத்தேம்மா. ஆனா ஒருத்தர் நடந்துதுங்கறார், ஒருத்தர் நடக்கலைங்கறார், கடைசியில அவரே நான்தான் குழம்பிட்டேங்கறார். இத வச்சு நான் என்னன்னு எழுதுவேன்?” என்றாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ அங்கேதான் நின்றாய். ஆசான் பக்கத்தில், கையில் பீர் பாட்டிலோடு. அந்தக் கதையைத் தொட்டில் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன் நீ, ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மேஜை மேல் ஏறி நின்று அப்படியே நடித்துக் காட்டி வாத்தியாரிடம் திட்டு வாங்கியவன் நீ. உன் அப்பா குனிந்து நிற்கிறார், உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஆசான் முன்னால் சீடன் பேசக் கூடாது, தெரியும், எல்லாம் தெரியும், இந்த ஊரில் பிறந்தவள்தான் நானும். இன்னும் இரண்டு பந்தயம் நன்றாகப் போனால் அடுத்த பிரிவுக்கு ஏறிவிடுவாய் என்பதும் தெரியும். ஆனாலும் நீ தலையைக் குனிந்துகொண்டு ஆசானுடைய கிளாஸை நிரப்பினாய். ஆசான் செய்தது என் வயிற்றை எரித்தது, நீ செய்தது அதைவிடக் கீழே எங்கேயோ போய் வலித்தது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், எழுதினதை அடிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு செப்டம்பர் பந்தயம் வந்தது. நீ மத்தியானத்தில்தான் மேடை ஏறுகிறாய் என்பதால் கடையில் டிவியைப் போட்டு, மாமா, ஒகினோ, துறைமுகத்து ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் முன்னால் உட்கார்ந்திருந்தார், நீ வருவதைப் பார்த்து அது யார் என்று என்னிடம் கேட்டார். நம் பையன் என்றேன், ஓ என்றார். உன் எதிராளி உன்னைவிட ஒன்றரை ஆள் கனம். இரண்டு பேரும் பாய்ந்து தலை மோதின சத்தம் கட்டையும் கட்டையும் மோதின மாதிரி டிவியிலேயே கேட்டது. நீ தள்ளிவிட்டாய், ஜெயித்தாய், கடையே கத்தியது. குனிந்து வணங்கினாய். அப்புறம் திரும்பி எதிர்ப் பக்கத்து வழியில் நடக்க ஆரம்பித்தாய். அடுத்த ஆட்டத்துக்காக அங்கே உட்கார்ந்திருந்தவன் உன் கச்சையைப் பிடித்துத் திருப்பி விட்டான், நீ அவனைப் பார்த்து ஏதோ கேட்டாய். என்னடா கேட்டாய்? டிவியில் பேசுகிறவர் சிரித்துக்கொண்டே வெற்றி மயக்கம் என்றார். மாமா தொடையைத் தட்டி, “புலிக்குப் பிறந்தது பூனையாகுமா, அப்பனே தான்!” என்றார், எல்லாரும் சிரித்தார்கள். ஒகினோ மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். உன் முதுகைத் தொட்டுக் காட்டி, “பாரு சதாயோ, பாரு, நான்தான் போறேன். நான் குழம்பல. அண்ணனக் கூப்பிடு, அது நான்தான்னு அவர் கிட்ட சொல்லு” என்றார். அவ்வளவு நிம்மதி அவர் முகத்தில், கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அதையும் மறந்துவிட்டு வெங்காயத்தாள் நறுக்கப் போய்விட்டார். நான்தான் அடுப்பு அணைந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கூடத்துப் போனிலிருந்து பேசினாயே, என்ன சொன்னாய்? “கால் தடுக்கிச்சும்மா, கவனிக்கல, வேற ஒண்ணுமில்ல.” பக்கத்தில் ஆசான் இருந்தாரோ என்னவோ. கால் தடுக்கினவன் விழுவான், பக்கம் மாறிப் போக மாட்டான். அப்புறம் ஒரே நாள் ஓய்வெடுத்துவிட்டு அதே தலையோடு மறுபடியும் போய் மோதினாய், அதையும் பார்த்தேன். பெற்றவளிடம் பொய் சொல்ல உனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. நீ இத்தனை வருஷத்தில் தலையில் என்னவெல்லாம் வாங்கினாயோ, எத்தனை தடவை உலகம் சுற்றியதோ, அதையெல்லாம் உங்கள் கூடத்தில் இப்போதே கதையாகக் கட்டிச் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். நாளைக்கு உனக்குத் தேவைப்படும்போது அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றும் அவர்களே சொல்வார்கள்.

அதனால் கேள். வருகிற பதினெட்டாம் தேதி டாக்டர் ஹஷிபா உன்னையும் அப்பாவையும் சேர்த்து வரச் சொல்லியிருக்கிறாள். தெற்கே கியூஷு பந்தயத்துக்குக் கூடம் கிளம்புவதற்கு முன்னால் வா. ஆசான் விடுப்புக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வா, கொடுக்காவிட்டால் வாங்காமல் வா, அவர் உன்னைத் துரத்தினால் என் கடையில் கரண்டி பிடிக்க ஆள் இல்லை. முதலில் உன் தலையைக் காட்டு, பொய் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லு. பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் கேட்க, அந்தக் கதையை ஆசான் சொல்கிற மாதிரியே சொல்லு, மெத்தையில் உட்கார்ந்ததையும் “என் முறை எப்போ” என்று கேட்டதையும் விட்டுவிடாதே. சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்து, “அப்பா, அது நீங்கதான்” என்று சொல்லு. அவ்வளவுதான் நான் உன்னிடம் கேட்பது. அன்றைக்கு அவர் குனிந்தபடியே இருக்கிறார், அவரை யாராவது நிமிர்த்த வேண்டும், அது என் சொல்லால் ஆகவில்லை.

குளிர் ஆரம்பித்துவிட்டது, வடக்கே வரும்போது தடிமனான உள்சட்டை போட்டுக்கொண்டு வா, ரயிலில் தண்ணீர் குடித்துக்கொண்டே இரு. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், பெயரும் புகழும் வந்தாலும் வராவிட்டாலும் உன் புத்தி உன்னோடு இருக்க வேண்டும் என்று தினம் கோயில் மணியை இழுத்து வேண்டிக்கொள்கிறேன். கோபமாக எழுதினாலும் என் ஆசீர்வாதம் முழுசாக உன்னோடுதான். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ஸ்டேஷனில் இறங்கினதும் இறங்கின இடத்திலேயே நில், வழி தேடிக்கொண்டு நீயாக நடக்காதே, நான் பிளாட்பாரத்துக்கே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா,
சதாயோ